சங்கக் கிளை நிர்வாகிகளுக்குப் பணியிடச் சமத்துவப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

வெண்ணாறு (திருவாரூர்) கேட்டது:

தோழர்கள் அனைவருக்கும் வணக்கம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மூன்று மாவட்டங்களில் எங்களோடு இணைந்துள்ள சங்கங்களின் கிளைச் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும், பணியிடச் சமத்துவம், கண்ணியமான வேலை என்ற பொருள்களில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வரப்போகிறவர்கள் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் அல்லர். விவசாயத் தொழிலாளர்கள், அரிசி ஆலைத் தொழிலாளர்கள், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தூக்குவோர், அங்கேயே பருவகாலப் பட்டியல் எழுத்தராக வேலை பார்ப்போர், ஜவுளிக்கடை விற்பனையாளர்கள், நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் எனப் பல தரப்பினரும் ஒரே கூடத்தில் அமரப் போகிறார்கள்.

இத்தகைய வகுப்புகள் நம் பகுதியில் வழக்கமாக எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் கொடியேற்றம் நடக்கும். வழக்கறிஞர் ஒருவர் சட்டப் பிரிவுகளை வரிசையாக விளக்குவார். மதியச் சாப்பாடு முடிந்து, மாலையில் தீர்மானம் நிறைவேறியதும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அதே கிளைகள் அடுத்து நிர்வாகத்திடம் கொடுக்கும் கோரிக்கை மனுவை எடுத்துப் பார்த்தால், கூலி உயர்வு, போனஸ், பணி நிரந்தரம் என்ற பழைய வரிசை அப்படியே இருக்கும். பெண்களுக்குக் கழிப்பறை என்ற கோரிக்கை மட்டும் கடைசி எண்ணில் சேர்ந்திருக்கும். பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவதும் அதுவாகவே இருக்கும். வேலை செய்வோரில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் தொழில்களில்கூட, பேச்சுவார்த்தைக்கு ஒரு பெண்ணையும் அழைத்துப் போகாமல் ஒப்பந்தம் கையெழுத்தாவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன். சட்டத்திலிருந்து தொடங்குவதா, வேலைத்தலத்திலிருந்து தொடங்குவதா? கிளை நிர்வாகிகளில் பெரும்பாலோர் ஆண்களாக இருக்கையில், பெண்களை முகாமுக்கு எப்படி வரவழைப்பது? சாதியைப் பற்றிச் சங்க வகுப்பில் வெளிப்படையாகப் பேசியவர்கள் எவ்வாறு பேசினீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

வணக்கம். தொழிலாளர் கல்வி வகுப்புகளில் நெடுங்காலம் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சட்டத்தை ஒதுக்கிவிடாதீர்கள், ஆனால் வந்திருப்பவர் மறுநாளே பயன்படுத்தக்கூடிய அளவுக்கு அதைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணியமான வேலை என்ற கருத்தை 1999இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த ஹுவான் சோமாவியா முன்வைத்தார். வேலைவாய்ப்பு, சமூகப் பாதுகாப்பு, வேலையில் உரிமைகள், அரசும் முதலாளியும் தொழிலாளரும் பேசும் முத்தரப்பு உரையாடல் என்ற நான்கும் சேர்ந்ததே அது. வேலையில் அடிப்படை உரிமைகள் குறித்த அந்த அமைப்பின் 1998ஆம் ஆண்டுப் பிரகடனத்தில், பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலும் 2022இல் சேர்க்கப்பட்டது. வரலாறு இந்த அளவே போதும்.

நம் நாட்டுச் சட்டத்தில் மூன்று செய்திகளை ஆழமாகக் கற்பியுங்கள். முதலாவது, 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலின அடிப்படையில் ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்பது அதிலும் தொடர்கிறது. இரண்டாவது, தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின்படி, இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு அமைக்கப்பட வேண்டும்; அங்கே வேலை செய்வோரில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். சங்க நிர்வாகிகள் பலருக்கு இந்த இரண்டாவது பகுதி தெரியாது. அரிசி ஆலையிலும் பெரிய ஜவுளிக்கடையிலும் பெண்களை உரிமையோடு உள்ளே அழைத்துப் போவதற்கு இதுவே நேரான வழி.

மூன்றாவது, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடத்திலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுக வேண்டும். வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடமே என்று சட்டம் சொல்வதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனெனில் நம் பகுதியில் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன்களில் நடப்பவை வெளியே வருவதில்லை. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். சொல்லிக் கேட்பதோடு விடாமல், ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் புகாரைத் தம் கையால் எழுதிப் பார்க்கட்டும். எழுத வராதவருக்கு மற்றவர் எழுதிக்கொடுத்து, எழுதியதைப் படித்துக்காட்டும் பழக்கமும் அங்கேயே வரட்டும்.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

தோழர் வெண்ணாறு, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பெண்களுக்கான வகுப்புகளை நடத்திவருபவள் நான். ஐயா கூறிய சட்டங்கள் அவசியமானவை. ஆயினும் முதல் நாள் காலையில் அவற்றை எடுத்துக்கொண்டால், பேச வாயெடுக்காத பெண்கள் இரண்டாம் நாள் மாலைவரை பேசாமலேயே இருந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து, அதாவது அவர்கள் செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

நாங்கள் செய்யும் பயிற்சி ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஒரு நாள் நடவை எடுத்துக்கொண்டு, நாற்றங்காலில் நாற்றுப் பறிப்பதிலிருந்து கடைசி நாற்று முடியை நட்டுக் கரையேறும்வரை என்னென்ன வேலை, யார் யார் செய்கிறார்கள் என்பதைப் பெரிய தாளில் எழுதச் சொல்வோம். பறித்து, வேர்மண்ணை அலசி, முடி கட்டி, வயலுக்குச் சுமந்து வந்து போடுவது பெரும்பாலும் ஆண்கள். நடுவது முழுக்கப் பெண்கள். பிறகு, இருவருக்கும் எவ்வளவு கூலி, ஏன் அந்த வேறுபாடு என்று கேட்டால், எந்த ஊரில் கேட்டாலும் அது ஆம்பளை வேலை, கஷ்டமான வேலை என்ற ஒரே பதில்தான் வரும். அந்த இடத்தில் நிறுத்தி, திறமை, உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் என்ற நான்கு கட்டங்களைப் போட்டு, இரண்டு வேலைகளுக்கும் மதிப்பெண் போடச் சொல்வோம். சம மதிப்புள்ள வேலையை எடைபோட உலகெங்கும் கையாளப்படும் அளவுகோல்கள் இந்த நான்கும்தான்.

மதிப்பெண் போடும்போதுதான் உண்மையான வகுப்பு நடக்கிறது. எத்தனை ஆழத்தில் ஊன்றினால் பயிர் நன்றாகத் தூர் கட்டும், எங்கே ஆழம் போய் அழுகும் என்பது நடுபவரின் விரலுக்குத்தான் தெரியும் என்பதைப் பெண்களே எடுத்துச் சொல்வார்கள். சேற்றுப்புண், நாள் முழுவதும் சிறுநீரை அடக்குவதால் வரும் தொல்லை, அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வது ஆகியவை பணிச்சூழல் என்ற கட்டத்தில் வந்து சேரும். ஒரு வகுப்பில் கிளைச் செயலாளர் ஒருவர் நாற்றுப் பறிக்கு உழைப்பில் முழு மதிப்பெண்ணும் நடவுக்குப் பாதியும் போட்டார். எதிரில் அமர்ந்திருந்த அம்மா ஒருவர் எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடத்தின் நடுவில் குனிந்து பின்னோக்கி அடியெடுத்து வைத்தபடியே, சாப்பாட்டு நேரம் வரைக்கும் நீங்களும் இப்படியே நில்லுங்கள், அதன் பிறகு மதிப்பெண் போடலாம் என்றார். அவர் நிமிராமல் கூடத்தின் மறுகோடி வரை போனார். செயலாளர் தாளை வாங்கி, போட்ட மதிப்பெண்ணை அடித்துத் திருத்தினார்.

இதற்குப் பிறகு சட்டத்துக்கு வாருங்கள். நம் சட்டம் பேசுவது ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை பற்றி. நாற்றுப் பறியும் நடவும் வெவ்வேறு வேலைகள் என்று முதலாளி வாதிட்டால், அந்தச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெல்வது கடினம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு 100ஆம் எண் உடன்படிக்கையோ, வேலை வேறாக இருந்தாலும் மதிப்பு சமமானால் ஊதியமும் சமமாக வேண்டும் என்கிறது. இந்தியா 1958இலேயே அதை ஏற்று உறுதியளித்திருக்கிறது. சட்டத்துக்கும் உடன்படிக்கைக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைக் கூட்டுப் பேரத்தால் நிரப்ப வேண்டியது சங்கத்தின் கடமை. குறைந்தபட்சக் கூலிக்கு மேல் கேட்கச் சங்கத்துக்கு எப்படி உரிமை உண்டோ, அப்படியே சட்டம் சொல்வதற்கு மேல் சமத்துவத்தைக் கேட்கவும் உரிமை உண்டு. வகுப்பு முடியும்போது ஒவ்வொரு கிளையும், அந்த மதிப்பெண் தாளை ஆதாரமாக வைத்து எழுதிய ஒரே ஒரு கோரிக்கையோடும், அதைப் பேச்சுவார்த்தையில் எடுத்துப் பேசப்போகும் பெண்ணின் பெயரோடும் வெளியே வர வேண்டும். அந்தக் கோரிக்கை மனுவின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

சாதி குறித்துக் கேட்டிருந்தீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் எண் உடன்படிக்கை சமூகப் பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டையும் தடை செய்கிறது, அதில் சாதியும் அடங்கும். இந்தியா 1960இல் அதையும் ஏற்றிருக்கிறது. ஆனாலும் உடன்படிக்கையை வாசித்துக்காட்டினால் எல்லோரும் தலையசைத்துவிட்டுப் போவார்கள். வேலைத்தலத்தின் வரைபடத்தை வரையச் சொல்லுங்கள்: தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது, யார் மொண்டு ஊற்றுகிறார், மதியம் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், சாக்கடை அடைத்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த தாளில் சங்க அலுவலகத்தையும் அவ்வாறே வரையட்டும். நாற்காலியில் அமர்பவர் யார், ஜமுக்காளம் விரிப்பவர் யார், கூட்டத்துக்குப் பின் பெருக்குபவர் யார் என்பது அதில் தெரிந்துவிடும். பண்ணையாட்களுக்குப் பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சாதியையும் கூலியையும் சேர்த்தே போராடி, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்த மண் இது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது, அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமாக இருந்தார்கள் என்பதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிற நாம், நம் அலுவலக நாற்காலிகளைப் பற்றிப் பேசத் தயங்கக் கூடாது.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

ஜவுளிக்கடைப் பெண்களைப் பற்றி ஒரு குறிப்பு. விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. கும்பகோணத்தில் ஸ்டூல் போட்டிருக்கும் கடைகள் உண்டு. போட்டும் உட்கார விடாத கடைகளும் உண்டு. வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம் என்று எழுதிய அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, மேற்பார்வையாளர் வரும்போது யார் எழுந்துகொள்கிறார் என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துவரும் வேலையை முகாமுக்கு முன்பே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கையில் குறிப்போடு வருபவர் கட்டாயம் பேசுவார்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2022இல் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் பாடமாக வைக்கலாம். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆயத்த ஆடை ஆலைகளில் பாலின வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுப்பதற்காகப் போட்ட ஒப்பந்தம் அது. தையல் தளத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களையே சங்கம் பயிற்றுவித்து, தளக் கண்காணிப்பாளர்களாக நிறுத்தியது. பயிற்சி பெற்றவருக்கு ஒரு பொறுப்பும் அதைச் செய்யும் அதிகாரமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்ததால்தான் அந்தப் பயிற்சி நிலைத்தது என்று நான் நம்புகிறேன்.

வெண்ணாறு (திருவாரூர்) எழுதியது:

மிக்க நன்றி, கோரையாறு அக்கா. நடவு மதிப்பெண் பயிற்சியை அரிசி ஆலைக்கும் பொருத்திப் பார்க்கிறேன். களத்தில் வெயிலில் நின்று நெல்லைத் துழாவும் பெண்களையும் மூட்டை தூக்கும் ஆண்களையும் ஒப்பிடலாம் என்று தோன்றுகிறது. குடமுருட்டி ஐயாவிடம் ஒரு கேள்வி. பாலியல் துன்புறுத்தல் புகாரில் புகார் கொடுத்தவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்தால் கிளை நிர்வாகி என்ன செய்ய வேண்டும்? உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று சொல்பவர்களுக்கு முகாமில் என்ன பதில் சொல்வது?

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

பேசி முடிப்பது நம் நிர்வாகிகளுக்குக் கைவந்த கலை, பல தகராறுகளில் அது நன்மையும் செய்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது கூடவே கூடாது என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். புகார் கொடுத்த பெண் தாமே கேட்டால் மட்டும், விசாரணைக்கு முன் குழு சமரசத்துக்கு முயலலாம். பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்துக்கு அடிப்படையாக வைக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. அந்த வேலையும் குழுவினுடையது. கிளைச் செயலாளர் அதைக் கையில் எடுக்க முடியாது.

சங்கம் இருவருக்கும் கடமைப்பட்டது என்பது உண்மை. எனவே ஒருவருக்குத் துணையாகப் போகும் நிர்வாகி மற்றவருக்குத் துணையாகப் போகக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை கிடைப்பதைச் சங்கம் உறுதி செய்யலாம். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி அந்தப் பெண்ணின் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. புகார் குறித்த விவரங்களை வெளியிடுவதையும் சட்டம் தடை செய்கிறது என்பதால், வாயிற்கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ பெயர் வரக் கூடாது. விசாரணை தொண்ணூறு நாளுக்குள் முடிய வேண்டும் என்பதைத் தேதி போட்டு நினைவூட்டிக்கொண்டே இருப்பதுதான் கிளை நிர்வாகி செய்யக்கூடிய பெரிய உதவி.

வீரசோழன் (குத்தாலம்) எழுதியது:

எனக்கு ஒரு கவலை. வடமாநிலக் குழுக்கள் ஏக்கர் கணக்கில் பேசி நடவை எடுத்துக்கொள்கின்றன. அறுவடை முழுவதும் இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. இருக்கும் வேலை நாட்களே குறைந்துகொண்டிருக்கும்போது, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே மதிப்பெண் போட்டுப் பார்ப்பது தொழிலாளர்களைப் பிளவுபடுத்தாதா?

கோரையாறு (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

தோழரே, உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அது தரும் முடிவு எனக்கு வேறாகத் தெரிகிறது. பெண்ணின் நடவுக் கூலி தாழ்ந்து கிடந்தபோது அதை நாம் உயர்த்திக் கேட்கவில்லை. தாழ்ந்து கிடக்கும் கூலியை அதைவிடக் குறைவாகக் கேட்க இன்னொருவர் வருவது எளிது. வடமாநிலத்திலிருந்து வந்தவரும் அதே வயலில் அதே சேற்றில் நிற்பவர்; அவருக்கும் நமக்கும் ஒரே கூலி என்று கேட்டால்தான் மலிவாக ஆள் பிடிக்கும் காரணம் இல்லாமல் போகும். ஆகவே முகாமில் அவர்களில் சிலரையும், இந்தி தெரிந்த ஒருவரையும் அழைத்து, மதிப்பெண் தாளில் அவர்களையும் உட்காரவைக்கப் பரிந்துரைக்கிறேன். தங்குமிடம், கணக்கு முடித்துச் சம்பளம் வாங்குவது, தரகருக்குப் போகும் பங்கு ஆகியவை பற்றி அவர்கள் சொல்வதை நம் கிளைகள் நேரடியாகக் கேட்டதே இல்லை. இயந்திரத்தைப் பொறுத்தவரை, அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் பெண்களுக்குப் பயிற்சி கேட்பதையும் கோரிக்கையில் சேருங்கள். இதுவரை அந்த இருக்கையில் ஆண்களையே பார்க்கிறோம்.

வெண்ணாறு, கடைசியாகத் தேதி பற்றி. மேட்டூர் அணை ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்தால் ஆனியிலும் ஆடியிலும் குறுவை நடவில் பெண்கள் கிடைக்க மாட்டார்கள்; தை, மாசியில் கொள்முதல் நிலையங்களில் இரவு பகலாக மூட்டை ஏறும். உளுந்து பிடுங்கி முடிந்த பிறகு, சித்திரை முதல் பாதியில் வைத்தால் இரு தரப்பும் வர முடியும். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவர் வந்தால் அவர் பெண்ணாக இருக்க வேண்டும், இருவர் வந்தால் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையிலேயே எழுதுங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடியுங்கள். அன்றைய கூலியை இழந்து வருபவருக்கு அந்தக் கூலியையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையையும், அங்கே இருக்கப்போகும் ஆயாவுக்கான சம்பளத்தையும் செலவுக் கணக்கில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்பாக எழுதிவிடுங்கள். மதிப்பெண் தாளின் மாதிரி வேண்டுமானால் சொல்லுங்கள், கையால் எழுதியதை நகலெடுத்து அனுப்பிவைக்கிறேன்.